தவிட்டுக்கும் விலை வந்த காலம்

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். புளித்த மாவும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாடை. கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு சிமெண்டுக் களம். நெல் காயப்போடுவதுபோல் அதில் வெள்ளையும் பழுப்புமாக ஏதோ பரப்பியிருந்தது. ஒரு பெண் மரப்பலகையால் அதைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அது திப்பி. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, சலித்து, பாலைத் தொட்டிக்கு அனுப்பிவிட்ட பிறகு சல்லடையில் நிற்கிற சக்கை. பால் அடியில் தங்கி மாவாகி, ஜவ்வரிசியாகி, பாயசத்துக்கும் வடாமுக்கும் போகிறது. திப்பி மாட்டுக்குப் போகிறது. இந்தக் களத்துத் திப்பி பன்றிக்குப் போகிறது. களத்துக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் அவருக்கு ஆறு தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் இருக்கின்றன. எல்லாம் வெண்பன்றி.

ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "நசுக்கிப் பாருங்க சார். மணல் மாதிரி சலசலன்னு உதிரணும். ஒட்டுச்சுன்னா இன்னும் ஈரம் இருக்குது. அப்படியே மூட்டை கட்டினா உள்ளுக்குள்ள பூசணம் புடிச்சிடும். நமக்குத் தெரியாது, குட்டிக்குத்தான் தெரியும்."

என் கையில் அது ஒட்டியது. இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்றார்.

களத்தோரம் வேப்பமரத்தடியில் அவருடைய மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறவர். பன்றி வளர்ப்பில் அவர்தான் இந்தக் குடும்பத்தின் முதல் ஆள். ஆனால் அவர் தீவனம் என்று ஒன்றை விலை கொடுத்து வாங்கியதே இல்லை. அவருடைய பன்றிகள் ஊரைத் தின்று வளர்ந்தவை.

அந்த ஊரை எனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்த 1970களில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடியது. அதை ஒட்டிக் கருவேலங்காடு. காலையில் ஆண்கள் ஒதுங்குவதும் அங்கே, கருப்புப் பன்றிகள் மேய்வதும் அங்கே. முதுகு முழுக்கச் சிலிர்த்த மயிர், நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு. பொழுது சாயும்போது ஒருவர் கையில் கோலும் தோளில் கயிறுமாக வந்து தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். எங்கெங்கோ கிடந்தவை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஓடிவரும். நாங்கள் கல்லெறிவோம். பன்றி மேல் விழுந்த கல்லுக்கும் அந்த மனிதர் மேல் விழுந்த கல்லுக்கும் பெரியவர்கள் வித்தியாசம் பார்த்ததில்லை. யாரும் எங்களைக் கண்டிக்கவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பன்றி எதைத் தின்றது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். நம் மலத்தைத் தின்றது. கழிப்பறை கட்டாத ஊர், சாக்கடையை மூடாத நகராட்சி, எச்சில் இலையைத் தெருவில் எறிந்த வீடு எல்லாம் சேர்ந்து அதன் முன்னால் எதைக் கொட்டினவோ அதைத் தின்றது. தின்ற பாவத்துக்கு அதற்கும், அதை மேய்த்தவருக்கும் கெட்ட பெயர். கொட்டியவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

அந்தத் தீனியின் விலையை வேறு இடத்தில் கட்டினோம். மனிதக் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறும். மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் அது நீர்க்கட்டியாகத் தங்கும். அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டவரின் குடலில் மறுபடி புழு வளரும். அவர் மலத்திலிருக்கும் முட்டை கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத கீரை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால் கட்டி மூளையில் போய் உட்கார்ந்து வலிப்பைக் கொண்டுவரும். பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காதவருக்கும் வரும். வேலூர்ப் பகுதியில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டிதான் காரணம் என்று தெரியவந்தது. பன்றியின் தொட்டியில் என்ன விழுகிறது என்பது பன்றி வளர்ப்பவரின் கவலை மட்டும் இல்லை.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கள் காய்ச்சும் பெண்களின் வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. குட்டிகளோடு பெண்பன்றிகள் அதில் புரள்கின்றன. ஆண்பன்றியை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு குழிக்குள் நிறுத்தி, நெல்லின் மாவை ஊட்டிப் பல நாள் கொழுக்க வைக்கிறார்கள். வழியில் வரும் பாணருக்கு அந்தக் கொழுத்த இறைச்சியைக் கள்ளோடு கொடுப்பார்கள் என்று புலவர் ஆசை காட்டுகிறார். பெண்பன்றியிடமிருந்து பிரிப்பது, நடமாட்டத்தைக் குறைப்பது, மாவுச்சத்து கொடுத்துக் கொழுப்பேற்றுவது: இன்று கால்நடைக் கல்லூரியில் பாடமாகச் சொல்லித்தரும் மூன்றையும் ஓர் ஊர்ப் பெண் தன் முற்றத்தில் செய்திருக்கிறாள். அது விருந்தாளிக்கு வைக்கும் உணவாகவும் இருந்திருக்கிறது. அந்த முற்றத்திலிருந்து எங்கள் ஊர்ச் சாக்கடைக்குப் பன்றி எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. அதில் பன்றியின் குற்றம் குறைவு.

மேய்ந்த பன்றிக்கு வீட்டில் கிடைத்தது கழுநீரும் கொஞ்சம் தவிடும். தவிடு அன்றைக்கு விலையற்ற பொருள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை ஒரு முறம் தவிட்டுக்கு அண்டை வீட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன்கூட மதிக்க மாட்டான், விட்டுவிடுவான் என்பது கணக்கு. அவ்வளவு மலிவு. உரலில் குத்திப் புடைத்த அந்தத் தவிட்டில் உண்மையில் சத்து அதிகம். பிறகு ஹல்லர் மில் வந்தது. உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து விழுந்தது. உமியில் மணலுக்கு நிகரான சிலிக்காதான் நிறைய. மாட்டுக்கே அது பாரம். இரைப்பை ஒன்றே ஒன்று உள்ள பன்றிக்குச் சுத்தமாக ஆகாது. அதற்கும் பிறகு நவீன ஆலைகள் வந்து தவிட்டைத் தனியாகப் பிரித்தன. பிரித்த தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு எண்ணெய் இருப்பது தெரிந்ததும் எண்ணெய் ஆலைகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. எண்ணெய் எடுத்த தவிடு மூட்டையில் அச்சிட்ட பெயரோடு திரும்பி வருகிறது.

பெயர் ஒன்றுதான், தவிடு. ஆனால் உரல் தவிடு, ஹல்லர் தவிடு, ஆலைத் தவிடு, எண்ணெய் எடுத்த தவிடு என்பவை நான்கு தனித்தனித் தீவனங்கள். எண்ணெய் எடுக்காத பச்சரிசித் தவிடு ஓரிரு நாளிலேயே காறிப்போகத் தொடங்கும். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி செத்துவிடுகிறது. அளவு மீறிப் போட்டால் பன்றியின் கொழுப்பு கெட்டிப்படாமல் இளகி நிற்கும், இறைச்சிக்கடைக்காரர் முகம் சுளிப்பார். இதையெல்லாம் தெரிந்து வாங்குகிறவருக்குத் தவிடு லாபம். தெரியாமல் வாங்குகிறவர் உமிக்குக் காசு கொடுக்கிறார்.

வெண்பன்றி வந்ததும் தொட்டியில் விழுவதும் மாறியது. லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் என்ற இங்கிலாந்து இனமும் அதன் கலப்புகளும் சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கம் போன்ற அரசு மையங்களிலிருந்து மெல்லப் பரவின. நாட்டுப்பன்றி ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போட்டால் இது எட்டு, பத்து போடும். நாட்டுப்பன்றி வருடம் திரும்பினாலும் நாற்பது கிலோவைத் தாண்டத் திணறும். இது நன்றாகத் தின்றால் எட்டு மாதத்தில் எண்பது, தொண்ணூறு கிலோ. தின்றால் என்பதுதான் விஷயம். ஒரு கிலோ எடை கூட மூன்று, மூன்றரை கிலோ நல்ல தீவனம் வேண்டும். பண்ணைச் செலவில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது ரூபாய் தொட்டிக்கே போகும். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் வாங்கிப் போட்டு மிச்சம் பிடிக்கச் சின்ன வளர்ப்பாளரால் முடியவில்லை.

அதனால் ஓட்டல் கழிவுக்குப் போனார்கள். 1990களில் தொடங்கி ஏறத்தாழ நேற்றுவரை, சேலம், நாமக்கல், கோவை எங்கும் இதுதான் நடந்தது. விடிகாலை நான்கு மணிக்குக் குட்டி யானை வண்டியில் நீல நிறப் பீப்பாய்களோடு கிளம்பி, ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம் என்று சுற்றி, ஏழு மணிக்குள் பண்ணைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒருமுறை அந்த வண்டியில் நானும் போனேன். சாம்பார் சோறு, எலும்பு, வாழையிலை, எலுமிச்சைத் தோல், அதற்குள் பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் கவர், கண்ணாடித் துண்டு. ஒரு நாள் பிரியாணி, மறுநாள் வெறும் ரசம். பன்றிக்கு ஒரு நாள் கொழுப்பு, மறுநாள் பேதி. ஆனால் கையிலிருந்து போவது டீசல் காசு மட்டும்தான், எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் நிமிர்ந்தன. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதை நிறுத்தியது ஒரு வைரஸ். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018இல் சீனாவுக்குள் நுழைந்தது, 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தென்பட்டது. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில், 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகளிடம். மனிதரை அது ஒன்றும் செய்யாது. பன்றிக்கு வந்தால் கொட்டகையே காலி. கேரளம் வெளி மாநிலப் பன்றிகளை நிறுத்தியபோது, அந்தச் சந்தையை நம்பி வளர்த்த நம் பக்கத்து ஆட்கள் எடை முற்றிய பன்றிகளை வைத்துக்கொண்டு தினமும் தீனி போட்டுத் தவித்தார்கள். வைரஸ் பயணம் செய்யும் வழிகளில் முக்கியமானது, வேகாத பன்றி இறைச்சித் துண்டு கலந்த எச்சில். அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்க வைத்தால் ஆபத்து இல்லை. இருநூறு லிட்டர் பீப்பாயைத் தினமும் அரை மணி கொதிக்க வைக்க விறகுக்கு எங்கே போவது? ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியதும் ஒரு நோய்தான். 2001இல் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட கோமாரி, சரியாகக் கொதிக்க வைக்காத கழிவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து கிளம்பியது என்று கண்டார்கள். அந்த ஆண்டே இங்கிலாந்தில் தடை வந்தது.

நாம் ஆலைப் பக்கம் திரும்பினோம். சேலம் பக்கத்துக்காரர்களுக்குத் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலிருந்தே அதைச் செய்து பார்த்த ஊர் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று ஆலைகள் பெருகின. பல ஆண்டுகள் திப்பி ஆலைக்காரருக்குத் தலைவலிதான். ஈரத்தோடு குவித்தால் இரண்டு நாளில் நாறும். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்கள்.

ஆனால் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் இன்னும் மாவுச்சத்துதான். சல்லடை எவ்வளவு இழுத்தாலும் நாருக்குள் மாட்டிக்கொண்ட மாவு வெளியே வராது. பன்றிக்கு அது சோறு. குறை என்னவென்றால் புரதம் கிட்டத்தட்ட இல்லை. திப்பியை மட்டும் போட்டால் வயிறு நிறையும், சதை வைக்காது. வளரும் குட்டிக்குத் தீவனத்தில் நூற்றுக்குப் பதினெட்டு அளவு புரதம் வேண்டும். கடலைப் பிண்ணாக்கும் சோயாவும் கருவாட்டுத் தூளும் அங்கேதான் வருகின்றன. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு குறை. கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தேங்காய்ப் பிண்ணாக்கு வாசனைக்குப் பன்றி ஓடிவரும், ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மாட்டுக்கு அமிர்தம், பன்றிக்கு அதிலுள்ள காசிப்பால் என்ற நஞ்சு ஆகாது. கருப்பஞ்சாற்றுப் பாகுக் கழிவான மொலாசஸ் அளவோடு இருந்தால் ருசி, கூடினால் கழிச்சல். கழிவு என்று ஒரே வார்த்தையில் நாம் தள்ளிவிடுகிற பொருள்களுக்குள் இத்தனை வேறுபாடு.

மரவள்ளியிடம் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் உறவினர் ஒருவர், ஆலையில் சீவிப் போட்ட பச்சைத் தோலைச் சும்மா கிடைக்கிறதே என்று ஒரு மாலை மூன்று பன்றிகளுக்கும் அள்ளிப் போட்டார். இரவுக்குள் இரண்டு போயின. மூச்சுக்குத் திணறி, வாயில் நுரை தள்ளி. கிழங்கின் தோலில் சயனைடாக மாறும் பொருள் சதையில் இருப்பதைவிட மிக அதிகம். மெல்லிசாகப் பரப்பி நன்றாக வெயிலில் காயவைத்தாலோ, குழியில் அமுக்கிப் புளிக்க வைத்தாலோ பெரும்பகுதி போய்விடும். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக இதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சொன்னது அந்தக் கொட்டகைவரை வந்து சேரவில்லை. அன்றிரவு உறவினரின் மனைவி தொட்டியை ஓங்கித் தள்ளிவிட்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. குட்டிகளை விற்றுத்தான் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக இருந்தார்கள்.

களத்தில் பார்த்த பெண் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் கணக்கு எழுதியிருந்தார். திப்பி இத்தனை, தவிடு இத்தனை, பிண்ணாக்கு, கருவாடு, தாது உப்பு, சாப்பாட்டு உப்பு. தாய்க்கு ஒரு வரிசை, குட்டிக்கு ஒரு வரிசை. சினைப்பன்றிக்குப் பக்கத்தில் தேதி. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று எண்ணி ஈனும் நாளைக் குறித்திருந்தார். தராசில் நிறுத்து, தார்ப்பாயில் கொட்டி, கையால் பிசறி, தொட்டியில் போடுகிறார். முன்பு பன்றிக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்த குடும்பம், இப்போது தீவனத்துக்குப் பின்னால் நடக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த குடும்பமாகவும் ஆகியிருக்கிறது. இதை நான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். பன்றியின் நிறம் மாறியதைவிடப் பெரியது.

ஆனால் இந்த இடத்தில் நிம்மதியாக நின்றுவிட முடியவில்லை. திப்பிக்கு இப்போது போட்டி. மாட்டுத் தீவன ஆலைகள் லாரியோடு வந்து மொத்தமாகப் பேசி முடிக்கின்றன. மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைகள் இழுக்கத் தொடங்கியதும், கோழிப்பண்ணைகளும் தீவன ஆலைகளும் மாற்று தேடி எல்லாச் சக்கையின் பக்கமும் திரும்பின. எத்தனால் ஆலையிலிருந்தே ஒரு புதிய சக்கை சந்தைக்கு வருகிறது. மாவுச்சத்து சாராயமாகப் போய்விட, மிஞ்சுவதில் புரதம் செறிந்திருக்கும். தானியத்தில் பூசண நஞ்சு இருந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்திருக்கும். மூட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனைக்கூடத்தில்தான் முடியும். நாமக்கல்லில் அப்படி ஒரு கூடம் உண்டு. கோழிப்பண்ணைக்காரர் அங்கே தினமும் போகிறார். ஆறு பன்றி வைத்திருக்கிறவர் ஒரு மூட்டைக்காக நாள்கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, கட்டணம் கட்டிப் போவாரா?

2012இல் நாட்டில் ஒரு கோடியைத் தாண்டியிருந்த பன்றிகள் 2019 கணக்கெடுப்பில் 90 லட்சமாகக் குறைந்தன. சாக்கடையில் மேய்ந்தவை குறைந்தால் நல்லதுதான். ஆனால் அவற்றை வைத்துப் பிழைத்த வீடுகள் எல்லாம் வெண்பன்றிக்கு மாறிவிடவில்லை. பலர் வெறும் கையோடு வெளியேறினார்கள். அவர்களுக்கு ஒரு சிமெண்டுக் களம், நான்கு தார்ப்பாய், ஒரு தராசு, ஆலை வாசலில் கூட்டாகப் பேசி வாங்க ஒரு சங்கம் இருந்திருந்தால் போதும். பால் மாட்டுக்கு ஊருக்கு ஊர் இதைச் செய்திருக்கிறோம். பன்றிக்குச் செய்யாததற்குத் தீவனமோ விலையோ காரணம் இல்லை. அந்தக் காரணம் நாங்கள் கல்லெறிந்த நாளிலிருந்தே அப்படியே இருக்கிறது.

நான் கிளம்ப எழுந்தபோது மணி நான்கு இருக்கும். கல்வராயன் மலைப்பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "மழை வருது!" என்று பலகையைப் போட்டுவிட்டு ஓடினார் அந்தப் பெண். இரண்டு தார்ப்பாய்தான் இருந்தது, களத்தில் பாதியைத்தான் மூடும். மீதித் திப்பியை முறத்தால் அள்ளி மூடிய பக்கமாகக் குவித்தோம், நானும் அள்ளினேன். பள்ளிச் சீருடையோடு வந்த பையன் புத்தகப் பையைத் திண்ணையில் வீசிவிட்டுக் கல்லைத் தூக்கி முனையில் வைத்தான். கட்டிலிலிருந்து பெரியவரும் கோலை ஊன்றி வந்து, தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் மிதித்து நின்றுகொண்டார். முதல் துளி விழுந்தபோது கொட்டகைக்குள்ளிருந்து பன்றிகள் கத்தின, தீனி நேரம். அவர் தலையைத் திருப்பி, தொண்டையிலிருந்து அந்தப் பழைய சத்தத்தைக் கொடுத்தார்.